உயில் எழுத உகந்த நாள்

மருத்துவமனைக்குள் வரும் ஒருவர் எத்தனையோ தாள்களில் கையெழுத்திடுகிறார். அனுமதிப் படிவம், அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல், மயக்க மருந்துக்கான ஒப்புதல், காப்பீட்டு விண்ணப்பம் என அந்த வரிசை நீளும். தமக்குப் பின் வீடும் நிலமும் சேமிப்பும் யாரைச் சேர வேண்டும் என்று கூறும் தாளைப் பற்றி மட்டும் பெரும்பாலான குடும்பங்களில் பேச்சே எழுவதில்லை. எவரேனும் தயங்கித் தயங்கித் தொடங்கினாலும், "இந்த நேரத்தில் வாயில் நல்ல வார்த்தையே வராதா?" என்ற கண்டிப்பே விடையாகக் கிடைக்கிறது. பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது.

பின்னர் நோய் முற்றி நினைவு தடுமாறும்போது, அதே குடும்பம் அவசர அவசரமாக ஒரு தாளைத் தேடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் உறவினர் ஒருவர் மைப்பெட்டியுடன் காத்திருக்கும் காட்சி எந்த மருத்துவமனைக்கும் புதிதன்று. அவ்வாறு பெறப்படும் கைநாட்டு நோயாளியின் விருப்பத்தைக் காட்டுவதில்லை. பெரும்பாலும் அது பிள்ளைகளை நீதிமன்றப் படிகளில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இவ்விதழின் வழியே நாங்கள் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே: உயில் எழுத உகந்த நாள், உடல் நலமாக இருக்கும் நாள். நோய் வந்துவிட்டதெனில், சிகிச்சைகளுக்கு இடையே மனம் தெளிந்து அமைதியாக இருக்கும் நாள். நினைவு தவறிய பின்னர் உயிலுக்கு உகந்த நாள் என்று ஒன்று இல்லை.

உயில் இல்லையெனில் நேர்வது என்ன?

"எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று பலரும் கூறுகின்றனர். உயில் எழுதாமல் ஒருவர் மறைந்தால், சொத்தைப் பிள்ளைகள் தம் விருப்பப்படி பிரித்துக்கொள்வதற்கு முன்பே சட்டம் அதைப் பிரித்துவிடுகிறது. அந்தப் பிரிவினை குடும்பத்தின் எதிர்பார்ப்புடன் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆணின் தனிச்சொத்து அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். மணமாகிச் சென்ற மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு உண்டு. மனைவியும் இரு குழந்தைகளும் வயதான தாயும் உள்ள ஒருவர் மறைந்தால், அவர் வாங்கிய வீட்டில் மனைவிக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்கே. வீடு முழுவதும் தமக்கே என்று மனைவி எண்ணியிருப்பார். தாயின் பங்கு அவருடைய காலத்துக்குப் பின் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் செல்லும். குழந்தைகள் 18 வயது நிரம்பாதவர்களாயின், அவர்களது பங்கை விற்பதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். கடனை அடைக்க வீட்டை விற்கலாம் என்று எண்ணும் இளம் விதவை, அந்த அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்க நேரிடும்.

பெண்களின் சொத்துக்கு விதி வேறு. பிள்ளைகளும் கணவரும் இல்லாத ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் மறைந்தால், அவர் தாமே உழைத்து ஈட்டிய சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குச் செல்லும். உடனிருந்து பராமரித்த தாயும் தந்தையும் அவர்களுக்குப் பின்னரே வருவார்கள். பெற்றோரிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு. அது தந்தையின் வாரிசுகளைச் சேரும். தனித்து வாழும் கைம்பெண்களுக்கு உயில் எத்துணை இன்றியமையாதது என்பதை இந்த ஒரு விதியே உணர்த்தும்.

கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி, மனைவியும் பிள்ளைகளும் இருப்பின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு எஞ்சிய இரு பங்கும் கிடைக்கும். இறந்தவரின் பெற்றோருக்குப் பங்கில்லை. முஸ்லிம்கள் தம் மார்க்கச் சட்டப்படி, வாரிசுகளின் இசைவின்றி, சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே உயில் வழி ஏற்பாடு செய்ய இயலும். ஆகவே அடுத்த வீட்டார் எழுதிய உயிலைப் பார்த்து அவ்வாறே நாமும் எழுதுவது பொருந்தாது.

சட்டம் கணக்கில் கொள்ளாத ஒன்று பராமரிப்பு. ஆண்டுக்கணக்கில் மாமனாரைக் குளிப்பாட்டி உணவூட்டிய மருமகளுக்கு, அவருடைய கணவர் உயிருடன் இருக்கும்வரை, மாமனாரின் சொத்தில் நேரடி உரிமை இல்லை. தாயைக் கவனிப்பதற்காக வேலையை விட்ட மகளுக்கும், வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கொரு முறை வந்து செல்லும் மகனுக்கும் ஒரே அளவு பங்குதான். அது தவறு என்று நாங்கள் கூறவில்லை. சட்டத்தால் அவ்வளவே இயலும். பராமரித்தவரை நன்றியுடன் நினைவுகூர விரும்பும் நோயாளிக்கு உயிலே வழி.

நாமினியும் உரிமையாளரும்

"வங்கிக் கணக்கில் நாமினி போட்டாகிவிட்டது; பிறகு உயில் எதற்கு?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். நாமினி எனப்படும் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதி உடையவர். அதைப் பெற்று உரிய வாரிசுகளிடம் சேர்ப்பிப்பது அவருடைய கடமை. ஆயுள் காப்பீட்டுத் தொகை குறித்து 1983ஆம் ஆண்டிலும், நிறுவனப் பங்குகள் குறித்து 2023ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால், 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களுக்குச் சாதகமான தனி விதியை வகுத்திருக்கிறது. ஏனையவற்றில் உரிமையைத் தீர்மானிப்பது உயில். உயில் இல்லையெனில் வாரிசுரிமைச் சட்டம்.

எனினும் நாமினியைக் குறிப்பிடுவதைத் தவிர்த்துவிடக் கூடாது. நாமினி இருந்தால் வங்கியிலிருந்து பணம் எளிதில் கிடைக்கும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதையும் குறிப்பிடலாம். உயிலில் ஒரு பெயரும் வங்கியில் வேறொரு பெயரும் இருந்தால் குழப்பம் விளையும் என்பதால், இரண்டும் ஒத்திருப்பது நலம்.

எளிய ஆவணம்

உயில் என்றவுடன் பலருக்கும் முத்திரைத்தாளும் பெருஞ்செலவும் நினைவுக்கு வருகின்றன. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். தமிழிலேயே, தம் கையாலேயே எழுதலாம். எழுதுபவர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த மனநிலை உடையவராகவும் இருத்தல் வேண்டும். அவர் கையெழுத்திட வேண்டும்; இயலாதெனில் பெருவிரல் ரேகை வைக்கலாம். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்டு, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும்.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உயிலால் பயன்பெறுபவரும் அவருடைய கணவன் அல்லது மனைவியும் சாட்சியாக நிற்காமல் இருப்பதே முறை. பின்னாளில் வழக்கு நேர்ந்தால் ஒரு சாட்சியேனும் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆதலால், எழுதுபவரை விட வயதில் இளையவரும் எளிதில் தேடிக் கண்டுபிடிக்கத் தக்கவருமான இருவர் அமைவது நன்று.

உயிலில் இடம்பெற வேண்டியவை பல இல்லை. எழுதுபவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, முன்பு எழுதிய உயில்கள் இதனால் ரத்தாகின்றன என்ற குறிப்பு, வீடு, நிலத்தின் சர்வே எண், கதவு எண், பத்திர எண், வங்கிக் கணக்குகள், நகைகள், வாகனம், தரவேண்டிய கடனும் வரவேண்டிய கடனும், எதை யாருக்கு அளிக்கிறோம் என்ற தெளிவான வாசகம், அவர் நமக்கு முன்பே மறைந்துவிட்டால் அது யாருக்குச் சேரும் என்ற விளக்கம், இப்பட்டியலில் விடுபட்ட சொத்துகள் யாருக்கு என்ற ஒரு வரி, உயிலை நிறைவேற்றி வைப்பவரின் பெயர், தேதி, இடம். வாரிசு ஒருவருக்குக் குறைவாகக் கொடுத்தாலும் ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் அதன் காரணத்தைப் பண்புடன் ஓரிரு வரியில் எழுதிவைப்பது பிற்காலச் சந்தேகத்தைத் தணிக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கட்டும்.

பூர்வீகச் சொத்து இருப்பின், அதில் தம் பங்கை மட்டுமே ஒருவர் உயிலில் எழுத இயலும். சிறு குழந்தைகள் உள்ளவர்கள், பெற்றோர் இருவரும் இல்லாத நிலை நேர்ந்தால் காப்பாளர் யார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையோ ஆட்டிசம் உள்ள பிள்ளையோ இருக்கும் குடும்பங்கள், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் காப்பாளர் நியமனம் பெறுவது குறித்தும் வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை. ஆயினும் பதிவு செய்வதே பாதுகாப்பு என்பது எங்கள் பரிந்துரை. எழுந்து செல்ல இயலாதவர் உரிய காரணத்தைக் காட்டி விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால், சார்பதிவாளர் அவருடைய இல்லத்துக்கே வந்து பதிவு செய்வதற்குச் சட்டத்தில் இடமுண்டு. உள்ளடக்கம் எவருக்கும் தெரியக் கூடாது என விரும்புவோர், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். மனம் மாறினால் எத்தனை முறையும் உயிலை மாற்றி எழுதலாம்; முறைப்படி கடைசியாக எழுதப்பட்டதே செல்லும்.

படுக்கையருகே கவனிக்க வேண்டியவை

நோயின் காரணமாகத் தாம் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் ஒருவர் எழுதும் உயில் செல்லாது. வற்புறுத்தியோ வஞ்சித்தோ பெறப்பட்ட உயிலும் செல்லாது. நடுங்கும் கையெழுத்து, தளர்ந்த மனநிலை, பயன்பெறுபவரே முன்னின்று எழுதுவித்தல் போன்ற ஐயங்கள் இருப்பின், அவற்றை நீக்கும் பொறுப்பு உயிலை நம்பி வருபவரையே சாரும் என 1958ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் எழுதப்படும் உயிலில் இந்த ஐயங்கள் எல்லாம் ஒருசேர எழ வாய்ப்புண்டு.

ஆயினும், நோயாளி என்பதனாலேயே ஒருவர் உயில் எழுதும் தகுதியை இழப்பதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும், வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்பவரும் முழுத் தெளிவுடன் எழுத முடியும். பக்கவாதத்தால் பேச்சிழந்தவரும், கேட்பதைப் புரிந்துகொண்டு தம் விருப்பத்தைச் சைகையாலேனும் உறுதிபடத் தெரிவிக்க முடிந்தால் எழுதலாம். மறதி நோயின் தொடக்க நிலையில் இருப்பவருக்கும் தெளிவு இருக்கக்கூடும். அவர் காலம் தாழ்த்தாமல் இருப்பது நல்லது. முதியோருக்கு நோய்த்தொற்றினாலோ அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ ஏற்படும் மனக்குழப்பம், காலையில் தெளிந்து மாலையில் மீண்டும் கூடும் இயல்புடையது. வலி நிவாரணிகளும் உறக்க மருந்துகளும் நினைவை மங்கச் செய்யலாம். எனவே எழுதும் நாளையும் நேரத்தையும் மருத்துவரிடம் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

அன்றைய தினமே நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர், அவருடைய மனத்தெளிவு குறித்துச் சான்று அளிக்கலாம். அச்சான்று பிற்காலத்தில் பெரிதும் துணைசெய்யும். ஆனால் தெளிவு இல்லாதபோது இருப்பதாக எழுதித் தருமாறு எந்த மருத்துவரையும் செவிலியரையும் கேட்க வேண்டாம். அரைமயக்கத்தில் இருப்பவரின் விரலைப் பிடித்து மையில் தோய்ப்பது எந்த நோக்கத்துடன் செய்யப்பட்டாலும் அவருக்குச் செய்யும் அவமதிப்பே. தாமாகப் பேச இயலாதவரின் பெயரால் பிறர் பேசிவிடுவதை அன்பு என்று நாங்கள் ஏற்பதற்கில்லை.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. சில குடும்பங்களில் நோயாளியிடம் உயிலுக்குப் பதிலாகத் தானசெட்டில்மெண்ட் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கப்படுகிறது. இரண்டும் ஒன்றென்று அவர் எண்ணிவிடக் கூடாது. உயில் எழுதியவரின் காலத்துக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். அதுவரை வீடு அவருடையது. செட்டில்மெண்ட் எழுதினால் உரிமை உடனே கைமாறிவிடும். பிறகு தாமாக ரத்து செய்ய இயலாது. குணமடைந்து வீடு திரும்புபவர் தம் வீட்டிலேயே பிறரை அண்டி வாழும் நிலை இதனால் நேரலாம். எழுதித்தான் ஆக வேண்டுமெனில், தம்மைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். அவ்வாறிருந்தும் பராமரிக்காமல் விட்டால், 60 வயது கடந்தவர்கள் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி தீர்ப்பாயத்தை அணுகிப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம்.

பவர் பத்திரம் இருக்கிறதே என்று நம்பியிருப்பதும் போதாது. அதை எழுதிக் கொடுத்தவர் மறைந்தவுடன் அது முடிவுக்கு வரும். அவர் சிந்திக்கும் திறனை இழந்தாலும் அவ்வாறே. கோமா நிலையில் உள்ளவரின் சொத்தை நிர்வகிக்க, குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்தை நாடிக் காப்பாளர் நியமனம் பெற வேண்டியுள்ளது. கணவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் பணம் இருந்தும், அவருடைய சிகிச்சைக்கே மனைவி கடன் வாங்கும் அவலம் இதனால் ஏற்படுகிறது. இருவரில் எவர் வேண்டுமானாலும் பணம் எடுக்கத்தக்க கூட்டுக் கணக்கு ஒன்று இருந்தால் இந்த இடர் பெருமளவு குறையும்.

தயக்கத்துக்கு மறுமொழி

உயிலைப் பற்றிப் பேசினால் உயிருடன் இருக்கும்போதே பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வரும் என்று அஞ்சுவோர் உள்ளனர். அந்த அச்சத்தை நாங்கள் இலேசாகக் கருதவில்லை. சில வீடுகளில் அவ்வாறு நேர்வதும் உண்டு. ஆனால் உயிலில் உள்ளதை எவருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உயில் ஒன்று இருக்கிறது, அது இன்ன இடத்தில் இருக்கிறது என்பதை நம்பத்தக்க இருவர் அறிந்திருந்தால் போதும்.

எங்களிடம் என்ன பெரிய ஆஸ்தி இருக்கிறது என்று கேட்போரும் உளர். இரண்டு சென்ட் மனையும் ஒரு வீடும் மட்டுமே உள்ள குடும்பத்தில்தான் ஒரு வழக்கு எல்லாவற்றையும் கரைத்துவிடும். வசதி படைத்தவர்களால் வழக்கையும் தாங்க முடியும். கூலி வேலைக்குச் செல்லும் விதவையால் முடியாது.

இன்னும் சிலர், உயில் எழுதினால் நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார் என்கின்றனர். தம் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையைச் சுமந்தபடியே சிகிச்சை பெறுபவர்கள் பலர். அந்தக் கவலையை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். "அப்பா, உங்கள் மனத்தில் ஏதாவது ஏற்பாடு இருந்தால் சொல்லுங்கள், நீங்கள் சொல்கிறபடியே செய்வோம்" என்று பிள்ளை கேட்கும் ஒரு சொல், பல தந்தையருக்கு ஆறுதலாகவே அமையும். அதைக் கேட்கும்போது பங்கு கேட்பவராக இல்லாமல் அவர் சொல்வதைச் செவிமடுப்பவராக இருக்க வேண்டும்.

சொத்துக்கான உயிலில் சிகிச்சை பற்றிய விருப்பங்களை எழுத வேண்டாம். அது திறக்கப்படும்போது காலம் கடந்திருக்கும். மீள வழியில்லாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டுமா வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023ஆம் ஆண்டில் நடைமுறை எளிதாக்கப்பட்டு, இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று பெற்றால் போதும் என்றாயிற்று. அது தனி ஆவணம். அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசலாம்.

வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இன்றியே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அழைக்க வேண்டிய இலவசத் தொலைபேசி எண் 15100.

இவ்விதழைப் படிக்கும் நோயாளி இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தமக்கு உள்ளவற்றையும் தாம் தரவேண்டியவற்றையும் பத்திரங்கள் உள்ள இடத்தையும் வரிசையாக எழுதட்டும். உடனிருந்து பார்த்துக்கொள்பவர் தமக்கும் அவ்வாறே ஒரு பட்டியல் எழுதட்டும். உயில் நோயாளிக்கு மட்டும் உரியதன்று. அடுத்த பரிசோதனை நாளுக்குள் அந்தப் பட்டியல் முடிந்திருந்தால், உயிலின் பாதி வேலை முடிந்தது என்றே கொள்ளலாம்.